லெப்டினன்ட் கவர்னர் ஓட்டை வெறுமையாக விட்டுவிடலாமா?

பிளேனோ_வசந்தி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். வாக்காளர் அட்டையும் வந்துவிட்டது. வருகிற நவம்பரில் இந்த நாட்டில் முதல் தடவையாக ஓட்டு போடப் போகிறேன். இருப்பது டெக்சாஸ், காலின் கவுண்டி.

போன சனிக்கிழமை மதியம் ஒரு பெண் கதவைத் தட்டினார். கடும் வெயில், முகமெல்லாம் சிவந்திருந்தது, ஒரு கையில் போன், இன்னொரு கையில் துண்டுப் பிரசுரக் கட்டு. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். கவர்னர் தேர்தலைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, பத்து நிமிடமும் லெப்டினன்ட் கவர்னர் தேர்தல்தான். தலைநகர் ஆஸ்டினில் எந்த மசோதா பிழைக்கும், எது சாகும் என்பது அந்தப் பதவியில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது என்றார். ஓட்டுக் கேட்க வந்தவர் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் மனதுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. ராத்திரி உட்கார்ந்து தேடினால் அந்தப் பதவிக்குச் சம்பளம் ஆண்டுக்கு 7,200 டாலராம். மாதம் 600! ஒரு மாநிலத்தையே ஆட்டிவைக்கும் பதவிக்கு இந்தச் சம்பளமா?

எனக்குத் தெரிந்ததெல்லாம் புதுச்சேரியில் டெல்லி நியமிக்கிற துணைநிலை ஆளுநர்தான். இங்கே மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் கவர்னரோடு சேர்த்து இல்லை, தனியாக. கவர்னர் ஒரு கட்சி, இவர் வேறு கட்சி என்று வந்தால் என்ன ஆகும்? உண்மையில் இவருக்கு என்ன வேலை?

என் கணவர் சொல்வது: "தெரியாத பதவிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவதைவிட அந்த இடத்தை வெறுமையாக விடுவதுதான் நேர்மை." அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது. யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, தயவுசெய்து கட்சிச் சண்டை வேண்டாம். பதவியைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆஸ்டின்_ராமு:

வசந்தி, முதல் ஓட்டுக்கு வாழ்த்துகள். உங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பெண் மிகைப்படுத்தவில்லை. நான் இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், கேபிடலுக்கு (மாநிலச் சட்டமன்றக் கட்டடம்) நாலைந்து தடவை சாட்சி சொல்லப் போயிருக்கிறேன், அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

டெக்சாஸ் செனட்டில், அதாவது சட்டமன்றத்தின் மேலவையில், 31 பேர். அந்த அவைக்குத் தலைவர் லெப்டினன்ட் கவர்னர். தலைவர் என்றால் மேடையில் உட்கார்ந்து சுத்தியல் தட்டுகிறவர் மட்டும் இல்லை. எந்த மசோதா எந்தக் கமிட்டிக்குப் போக வேண்டும் என்று சொல்பவர் அவர். அந்தக் கமிட்டியில் யார் யார் இருக்க வேண்டும், யார் தலைவர் என்று நியமிப்பவரும் அவரே. இங்கே சட்டமன்றம் ஒற்றைப்படை வருடங்களில்தான் வழக்கமாகக் கூடும், 140 நாள்தான். அந்த 140 நாளுக்குள் ஒரு மசோதாவை யாரும் தோற்கடிக்க வேண்டிய அவசியமே இல்லை, விசாரணைக்கு எடுக்காமல் விட்டால் போதும், அது தானாகவே செத்துவிடும். பட்ஜெட் வேலையைத் தொடங்கிவைக்கிற பட்ஜெட் வாரியத்துக்கும் இவரும் கீழவை சபாநாயகரும்தான் இணைத் தலைவர்கள்.

நான் நேரில் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன மசோதா, ஊனமுற்ற குழந்தைகளின் பெற்றோருக்கு உதவுகிற மாதிரி. என் அண்ணன் பையனுக்காக நானும் அதில் இறங்கினேன். கீழவையில் விசாரணை நடந்த அன்று காலை ஒன்பது மணிக்குப் போனவன், என் பெயரைக் கூப்பிட்டபோது ராத்திரி பதினொன்று. மூன்று நிமிடம் பேசினேன். மசோதா கீழவையில் நல்ல வித்தியாசத்தில் நிறைவேறியது, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அப்புறம் செனட்டுக்குப் போனது, ஒரு கமிட்டிக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். தினமும் போன் போட்டோம். "தலைவர் இன்னும் எடுக்கவில்லை" என்று அந்த அலுவலகப் பையன் மரியாதையாகச் சொன்னான், மறுநாளும் அதையே சொன்னான், மே மாதக் கடைசியில் கூட்டத்தொடர் முடிந்தது. எங்களுக்கு எதிராக ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை. ஓட்டெடுப்பே நடக்கவில்லை. அந்தக் கமிட்டித் தலைவரை நியமித்தது யார் என்று அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக யோசித்தேன். அதுவரைக்கும் நானும் அந்த இடத்தை வெறுமையாக விட்டவன்தான்.

இன்னொன்று. இந்த அதிகாரத்தில் பெரும்பகுதி அரசியல் சாசனத்தில் இல்லை, செனட் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் விதிகளில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு மசோதாவை அவையில் எடுக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 21 பேர் சம்மதிக்க வேண்டும், எதிர்க்கட்சியையும் கேட்டாக வேண்டிய நிலை. 2015இல் அதை 19 ஆக்கினார்கள், 2021இல் 18. அது சரியா தப்பா என்பது அவரவர் கருத்து. ஆனால் அவையை நடத்துகிறவரின் விருப்பம் இல்லாமல் அப்படி ஒரு மாற்றம் வராது.

கவர்னர் நடுவில் போய்விட்டால் இவர்தான் கவர்னர் என்பதையும் மறக்க வேண்டாம். 1998 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் புஷ் ஜனாதிபதித் தேர்தலுக்குப் போகலாம் என்ற பேச்சு அப்போதே பலமாக இருந்தது. அதனால் கவர்னர் போட்டியைவிட லெப்டினன்ட் கவர்னர் போட்டிதான் கடுமையாக நடந்தது. ரிக் பெர்ரி, ஜான் ஷார்ப்பை 2 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். 2000 டிசம்பரில் புஷ் கிளம்பினார், பெர்ரி கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தார், 2015 ஜனவரி வரை எழவே இல்லை. 14 வருடம் கவர்னராக இருந்தவரை அந்த நாற்காலிக்கு முதலில் கொண்டுபோனது, வாக்குச்சீட்டில் லெப்டினன்ட் கவர்னர் என்ற அந்த வரிதான்.

ரிச்மண்ட்_கயல்:

ராமு அண்ணா சொன்னது டெக்சாஸ் கதை. நான் வர்ஜீனியா, இங்கே அந்த அளவு அதிகாரம் கிடையாது, அதையும் வசந்தி அக்கா தெரிந்துகொள்வது நல்லது. ஒரே பெயர்ப் பலகை, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் உள்ளே இருக்கும் கடை வேறு.

இங்கே இது பகுதிநேர வேலை, சம்பளம் 36,321 டாலர். செனட்டில் 40 பேர், ஓட்டு சமமாக விழுந்தால் முடிவு செய்யும் ஓட்டு இவருடையது. கவர்னரும் இவரும் தனித்தனியாகத்தான் தேர்வாகிறார்கள். இந்த மாநிலத்தில் கவர்னர் அடுத்தடுத்து இரண்டு தடவை இருக்க முடியாது. அதனால் நாலு வருடத்துக்கு ஒரு தடவை அந்த நாற்காலி கட்டாயம் காலியாகும், லெப்டினன்ட் கவர்னராக இருப்பவர் அதற்கு முதல் வரிசையில் நிற்பார். டக்ளஸ் வைல்டர், டிம் கெய்ன், ரால்ஃப் நார்தம் எல்லாரும் அப்படிப் போனவர்கள். வைல்டர் 1985இல் இந்தப் பதவிக்கு நின்றபோது கறுப்பினத்தவர் ஒருவர் இங்கே மாநில அளவில் ஜெயிக்கவே முடியாது என்றார்கள். அவர் காரிலேயே மாநிலம் முழுக்கச் சுற்றினார், மேற்கே நிலக்கரி மலைக் கிராமங்கள் வரை போய்க் கை குலுக்கினார், ஜெயித்தார். நாலு வருடம் கழித்து, அமெரிக்காவிலேயே தேர்தலில் ஜெயித்து கவர்னரான முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

2025 ஜூன் பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) நான் வீடு வீடாகப் போனேன். டெமாக்ரடிக் கட்சியில் மட்டும் ஆறு பேர் நின்றார்கள். நம் ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹஷ்மி ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முதலாவது வந்தார். இங்கே இரண்டாம் சுற்று கிடையாது, யார் முன்னால் நிற்கிறாரோ அவர்தான். மூவரில் ஒருவர் ஓட்டுக்கூட வாங்காமல் ஜெயிக்க முடிந்தது, மீதி ஓட்டெல்லாம் வேறு பெயர்களுக்குப் பிரிந்துபோனதால். நவம்பரில் அவரே லெப்டினன்ட் கவர்னராகத் தேர்வானார். அமெரிக்காவில் மாநில அளவிலான பதவிக்குத் தேர்வான முதல் முஸ்லிம் பெண் அவர்.

நான் தட்டிய கதவுகளில் பாதிக்கு மேல் கேட்ட முதல் கேள்வி "அது என்ன வேலை?" என்பதுதான். வாசலில் ஒருவர் உங்களுக்குத் தரும் நேரம் அரை நிமிடம், ஒரு நிமிடம். நாய் குரைத்துக்கொண்டிருக்கும், அடுப்பில் ஏதாவது இருக்கும். கொள்கை விளக்கம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அப்புறம் ஒரே ஒரு வரி வைத்துக்கொண்டேன்: "செனட்டில் 20க்கு 20 என்று நின்றால் கடைசி ஓட்டு இவருடையது." அதற்குக் கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும். ஒரு வயதான அம்மா, கையில் மாவு ஒட்டியிருந்தது, "அப்படியென்றால் என் மருத்துவக் காப்பீட்டுக்கும் அவர் ஓட்டா?" என்று கேட்டார். ஆமாம், சமமாக வந்தால் அவர்தான் என்றேன். மாவுக் கையோடு அந்தப் பிரசுரத்தை வாங்கி ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார், நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த ஆறு பேரில் அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த அம்மா போய் ஓட்டுப் போட்டிருப்பார்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வர்ஜீனியாவிலும் சரி, டெக்சாஸிலும் சரி, இந்தப் பதவிக்கு நிற்பவருக்கு ஒரு தனி மனிதர் எவ்வளவு வேண்டுமானாலும் நன்கொடை கொடுக்கலாம், உச்சவரம்பு இல்லை. மக்கள் கண்டுகொள்ளாத பதவியைப் பெரிய நன்கொடையாளர்கள் நன்றாகவே கண்டுகொள்கிறார்கள். யார் யார் கொடுத்தார்கள் என்ற கணக்கு பொதுவில் கிடைக்கும், அதைப் பாருங்கள் அக்கா.

சிகாகோ_மணி:

கணவர் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. தெரியாமல் ஓட்டுப் போடுவதும் ஆபத்துதான், அதை நான் அனுபவித்திருக்கிறேன்.

இல்லினாயில் 2009 ஜனவரியில் கவர்னர் ப்ளகோயவிச்சைப் பதவியிலிருந்து நீக்கினார்கள், லெப்டினன்ட் கவர்னராக இருந்த பேட் குயின் கவர்னர் ஆனார். அந்தப் பதவி எவ்வளவு முக்கியம் என்று ஊர் உலகமே பார்த்த நேரம். ஒரு வருடம் கழித்து 2010 பிப்ரவரியில் பிரைமரி. அப்போதெல்லாம் இங்கே பிரைமரியில் கவர்னருக்கும் லெப்டினன்ட் கவர்னருக்கும் தனித்தனியாக ஓட்டு, ஜெயித்த இருவரையும் நவம்பரில் ஒரே ஜோடியாக நிறுத்துவார்கள். டெமாக்ரடிக் பக்கம் அடகுக்கடைத் தொழில் செய்த ஒருவர் சொந்தப் பணத்தை நிறைய இறக்கி விளம்பரம் செய்தார். பெயர் பழகியிருந்தது, நானும் அவருக்கே போட்டேன். ஜெயித்துவிட்டார். ஜெயித்த பிறகுதான் அவருடைய பழைய கைது விவகாரம் (அந்த வழக்கு கைவிடப்பட்டது) எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, விலகிவிட்டார். குயினோடு நிற்க வேறு ஆளைக் கட்சியே தேர்ந்தெடுத்தது, ஷீலா சைமன். அப்புறம் சட்டத்தையே மாற்றினார்கள். 2014 முதல் இருவரும் பிரைமரியிலிருந்தே ஜோடியாகத்தான் நிற்க வேண்டும்.

தப்பு அவர் மேல் என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டியே கொஞ்சம் தேடியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கவர்னர் வேட்பாளரைப் பற்றி எல்லாப் பேப்பரிலும் பக்கம் பக்கமாக வரும், இவர்களைப் பற்றி மூலையில் நாலு வரி. அந்த நாலு வரியைத் தேடிப் படிக்காமல் போட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆனால் வசந்தி, அதற்கு மருந்து வெறுமையாக விடுவது இல்லை. நீங்கள் விட்டால் என்னை மாதிரிப் பெயர் பழகிப்போய்ப் போட்டவனுடைய ஓட்டுக்குத்தான் பலம் கூடும்.

ஃப்ரீமாண்ட்_சுந்தரி:

வேறு வேறு கட்சி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, அதற்குக் கலிஃபோர்னியாவில் நல்ல உதாரணம் இருக்கிறது. 1979இல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் டெமாக்ரட், லெப்டினன்ட் கவர்னர் மைக் கர்ப் ரிபப்ளிகன். கவர்னர் மாநில எல்லையைத் தாண்டினால் பொறுப்பு இவருக்கு வரும் என்பது இங்கே சாசனத்திலேயே இருக்கிறது. பிரவுன் வெளியூர் போன நேரத்தில் கர்ப் ஒரு நீதிபதியையே நியமித்துவிட்டார்! பிரவுன் திரும்பி வந்து அதை ரத்து செய்தார், விஷயம் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. கவர்னர் ஊரில் இல்லாதபோது கர்புக்கு அந்த அதிகாரம் உண்டுதான், ஆனால் நியமனம் உறுதியாகும் முன் கவர்னர் வந்து திரும்பப் பெறலாம் என்று தீர்ப்பு.

ஒரே கட்சியாக இருந்தாலும் நிம்மதி என்று நினைக்காதீர்கள். ஐடஹோவில் 2021 மே மாதம் கவர்னர் பிராட் லிட்டில் ஒரு கூட்டத்துக்காக வெளி மாநிலம் போனார். லெப்டினன்ட் கவர்னர் ஜானிஸ் மெக்கீச்சின் அந்த இடைவெளியில் முகக்கவசக் கட்டாயத்தைத் தடை செய்து உத்தரவு போட்டார். இருவரும் ரிபப்ளிகன். மறுநாள் லிட்டில் திரும்பி வந்து அதை ரத்து செய்தார். அடுத்த வருடம் பிரைமரியில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள், லிட்டில் ஜெயித்தார். தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிற 17 மாநிலங்களில் ஐடஹோவும் ஒன்று, டெக்சாஸும் ஒன்று, நாங்களும் ஒன்று.

இங்கே பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது வேறு. எங்கள் லெப்டினன்ட் கவர்னர் கலிஃபோர்னியா பல்கலைக்கழக (யூசி) நிர்வாகக் குழுவில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர், ஸ்டேட் யுனிவர்சிட்டி அறங்காவலர் குழுவிலும் உண்டு. கல்விக் கட்டணத்தை ஏற்றுகிற ஓட்டெடுப்பில் இவருக்கும் ஒரு கை. 2014இல் கட்டணம் ஏற்றும் திட்டம் வந்தபோது லெப்டினன்ட் கவர்னராக இருந்த கேவின் நியூசம் எதிர்த்து ஓட்டுப் போட்டார், ஆனாலும் அது நிறைவேறியது. கடற்கரை நிலங்களைப் பார்த்துக்கொள்கிற மூன்று பேர் ஆணையத்திலும் ஒருவர். பையனை யூசியில் சேர்க்கத் தவமாய்த் தவமிருக்கிற நம் ஆட்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? இந்தப் பதவிக்குப் பிரசாரம் வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றித்தான்.

போர்ட்லண்ட்_இளங்கோ:

எங்கள் ஓரிகனில் இந்தப் பதவியே கிடையாது. 2015இல் கவர்னர் கிட்ஸ்ஹாபர் ராஜினாமா செய்தபோது மாநிலச் செயலாளர் கேட் பிரவுன்தான் கவர்னர் ஆனார். அரிசோனாவிலும் அதே ஏற்பாடாகத்தான் இருந்தது. 2022இல் மக்களே ஓட்டுப் போட்டு இந்தப் பதவியை உருவாக்கினார்கள், முதல் தேர்தல் 2026இல். டெக்சாஸ் மாதிரி அதிகாரம் இல்லாத மாநிலங்களில் இதற்குத் தனி அலுவலகம், தனிப் பிரசாரம் எல்லாம் வீண் செலவு என்பது என் கருத்து. கயல் சண்டைக்கு வரலாம்.

ரிச்மண்ட்_கயல்:

சண்டை இல்லை இளங்கோ. ஆனால் கவர்னர் நாற்காலியில் யார் உட்காருவார் என்பதை, அந்த வேலைக்கென்றே மக்கள் முன்னால் நின்று பதில் சொன்ன ஒருவர்தான் நிரப்ப வேண்டும் என்பது என் வாதம். நியூயார்க்கில் 2008இல் ஒரு தடவை, 2021இல் ஒரு தடவை, கவர்னர் ராஜினாமா செய்து லெப்டினன்ட் கவர்னர் மேலே வந்தார். பதின்மூன்று வருடத்துக்குள் இரண்டு தடவை. இதை நடக்காத விஷயம் என்று எப்படிச் சொல்வது?

பிளேனோ_வசந்தி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராமு அண்ணா, அந்த மசோதாக் கதையை என் கணவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "ஓட்டெடுப்பே நடக்கவில்லையா?" என்று மட்டும் திரும்பக் கேட்டார். வெறுமையாக விடுகிற பேச்சு இப்போது வீட்டில் இல்லை.

அந்தப் பெண் அடுத்த வாரமும் எங்கள் தெருவுக்கு வருவதாகச் சொன்னார். இந்தத் தடவை உட்கார வைத்துக் கேட்கப் போகிறேன், எதிர் வேட்பாளரின் ஆட்கள் வந்தாலும் அதையே கேட்பேன். என்ன கேட்பது என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள், முன்பெல்லாம் ஒரே அழுத்தில் கட்சிக்குப் போட்டுவிடலாம் என்று. அது இப்போதும் உண்டா?

ஆஸ்டின்_ராமு:

அது 2020 தேர்தலிலிருந்து டெக்சாஸில் இல்லை. ஒவ்வொரு பதவியாக இறங்கிப் போய்த்தான் போட வேண்டும். பட்டியல் நீளம், நீதிபதிகள் பெயர் மட்டுமே பக்கம் பக்கமாக வரும், அவசரப்படாதீர்கள். முன்கூட்டிய வாக்குப்பதிவு நாட்களில் போனால் வரிசை குறைவு.

கேட்க வேண்டியது: உங்கள் வேட்பாளர் கல்விக் கமிட்டிக்கும் நிதிக் கமிட்டிக்கும் எப்படிப்பட்டவரைத் தலைவராகப் போடுவார்? எதிர்க்கட்சி செனட்டருக்குத் தலைவர் பதவி தருவாரா? அந்த 18 பேர் விதியை வைத்துக்கொள்வாரா, மாற்றுவாரா? கீழவையில் நிறைவேறி வருகிற மசோதாவுக்கு விசாரணையாவது உறுதியாக உண்டா? கடைசிக் கேள்வி எனக்காக.

பதில் தெரியவில்லை என்று தொண்டர் சொன்னால் தப்பில்லை, பிரசார அலுவலகத்தில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சில பேர் உண்மையாகவே திரும்பி வந்து சொல்வார்கள்.

இன்னொன்று, ஓட்டுப் போடும் இடத்தில் போனை எடுத்துப் பார்க்க விடமாட்டார்கள். கவுண்டி தேர்தல் அலுவலக இணையதளத்தில் உங்கள் பெயருக்கான மாதிரி வாக்குச்சீட்டு கிடைக்கும், அதைப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போகலாம். கையெழுத்துக் குறிப்புக்குத் தடை இல்லை. பிரசாரத் துண்டுப் பிரசுரத்தை மட்டும் காரிலேயே வைத்துவிடுங்கள்.

பிளேனோ_வசந்தி:

சரி அண்ணா. இப்போதே ஒரு காகிதம் எடுத்து வைத்திருக்கிறேன். மாதிரிச் சீட்டு வந்ததும் எழுதிக்கொள்கிறேன். அந்த நாலு கேள்வியையும் பின்பக்கம் எழுதிவிட்டேன், கடைசியாகச் சொன்னதை முதலில்.